பல்லுக்கு மட்டும் தெரிந்த விடை

முதலில் ஒரு விடுகதை.

கண்ணால் பார்த்தால் தெரியாது. மூக்கால் மோந்தால் தெரியாது. நாக்கில் விட்டால் நாக்குக்கும் தெரியாது. பல்லுக்கு மட்டும் தெரியும். அது என்ன?

யோசியுங்கள். அவசரமில்லை.

இதற்கு விடை தெரிந்த மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் வேடியப்பன். தண்ணீரை ஆராயும் விஞ்ஞானி. விடையை அவர் ஆங்கிலத்தில் எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

ஒரு பங்குனி மாதப் பிற்பகலில் அவர் தம் ஆசிரியரைத் தேடி வந்தார். வரும்போதே கோபமாக வந்தார்.

"இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது மேடம்" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

ஆசிரியரின் பெயர் பூங்காவனம். வேடியப்பனைவிட ஆறு வயது சிறியவர். ஆனாலும் ஆசிரியர்தான். கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த வேடியப்பனுக்குத் தண்ணீரைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். பிறகு நிறுவனத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடைக்கு மேலே, ஓர் அறை. யார் தண்ணீர் கொண்டுவந்தாலும் சோதித்துச் சொல்வார்.

அறை முழுக்கப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு.

'மாமியார் வீட்டுக் கிணறு.'

'ஏரிக்கரை மோட்டார்.'

'புது போர். 800 அடி. கடன் வாங்கிப் போட்டது.'

பூங்காவனம் ஒரு சோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"யாரைத் திருத்தணும்?" என்றார்.

"நேத்து விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம் மேடம். பெரிய ஓட்டல், ஏசி ஹால். முக்கால் மணி நேரம் பேசினேன். எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? ஆறு பேர். அதுல நாலு பேர் மைக் செட்டுக்காரங்க."

"மீதி ரெண்டு பேர்?"

"சாப்பாட்டுக்கு வந்தவங்க."

ஆசிரியர் சிரிக்கவில்லை.

"என்ன தலைப்பு?"

"'நிலத்தடி நீரில் புளோரைடு செறிவின் இடம்சார் பரவல்.'"

"ஓட்டல் எங்கே?"

"கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல."

"யாருக்காகப் பேசினீங்க?"

"ஈச்சங்கொட்டாய்க்காரங்களுக்காகத்தான். அங்கேதானே அளவு ரொம்ப அதிகம்!"

"ஈச்சங்கொட்டாய் எவ்வளவு தூரம்?"

"நாற்பத்திரண்டு கிலோமீட்டர்."

"என்ன கிழமை, எத்தனை மணி?"

"செவ்வாய். காலை பதினொண்ணு."

"கரும்பு வெட்டற நேரம்" என்றார் ஆசிரியர்.

வேடியப்பனுக்குக் கோபம் ஏறியது. "நான் என்ன செய்யணும்கிறீங்க? ரெண்டு வருஷம் உழைச்சேன். கட்டுரை எழுதினேன். மூணு மாநாட்டுல பேசினேன். கேட்க வேண்டியவங்க கேட்கலைன்னா அது என் தப்பா?"

இந்த இடத்தில் விடுகதையின் விடையைச் சொல்லிவிடலாம்.

விடை, தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைடு. அது பாறையில் இருக்கிறது. ஏரிகள் வற்றின. நாம் ஆழமாகத் துளை போட்டோம். வற்ற வற்ற இன்னும் ஆழமாகப் போட்டோம். அடியாழத்தில் தண்ணீர் வெகுகாலம் பாறையோடு கிடக்கிறது. பாறை மெல்லக் கரைந்து அதில் சேர்கிறது. கொஞ்சம் சேர்ந்தால் பல்லுக்கு நல்லது. அளவு மிஞ்சினால், ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லில் பழுப்புக் கறையாகப் படியும். பல வருடம் குடித்தால் எலும்பிலும் கை வைக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. நிறமில்லை, மணமில்லை, ருசியில் ஒரு குறையும் இல்லை.

ஆசிரியர் குழாயை வைத்தார். கையைத் துடைத்தார். அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினார். ஒவ்வொரு டம்ளரின் முன்னாலும் ஒரு சீட்டை வைத்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க."

வேடியப்பனுக்குத் தொண்டை வறண்டிருந்தது. கையை நீட்டினார்.

"ரெண்டுமே ஈச்சங்கொட்டாய்த் தண்ணி" என்றார் ஆசிரியர். "ஒண்ணு உங்க கட்டுரையில வர்ற எஸ்-14. இன்னொண்ணு எஸ்-15."

நீட்டிய கை நின்றது.

எஸ்-14 எவ்வளவு, எஸ்-15 எவ்வளவு என்பது வேடியப்பனுக்கு மனப்பாடம். ஒன்று ஆகாது, மற்றது குடிக்கலாம்.

அவர் சீட்டுகளைப் படித்தார்.

ஒன்றில் 'பள்ளிக்கூட பம்பு' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'ரேஷன் கடைக் கிணறு'.

தண்ணீரைப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி தெளிந்திருந்தன.

"எது எஸ்-14 மேடம்?"

"என்னைக் கேட்கறீங்களே."

"குறிப்பு நோட்டைப் பார்த்தாத்தான் தெரியும்."

"நோட்டு எங்கே?"

"அலமாரியில."

"அலமாரி?"

"பூட்டியிருக்கு."

"தாகமா இருக்கா?"

வேடியப்பன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"ஈச்சங்கொட்டாய்க்குப் போனீங்கதானே?"

"போனேன். மாதிரி எடுத்தது கூட வந்த பசங்க. அவங்க இடத்தைச் சொல்லச் சொல்ல நான் ஜீப்புல உட்கார்ந்து எழுதினேன்."

"கிணத்துக்கெல்லாம் ஏன் நம்பர் போட்டீங்க?"

வேடியப்பன் நிமிர்ந்தார். இதற்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது.

"எந்தக் கிணறுன்னு தெரியாம சோதிச்சாத்தான் பாரபட்சம் வராது. நீங்கதான் மேடம் எனக்குக் கத்துக்கொடுத்தீங்க."

"ஆமா, நான்தான். சோதிக்கும்போது பேரை மறைச்சு வைங்கன்னு சொன்னேன்" என்றார் பூங்காவனம். அவர் குரல் உயரவில்லை. ஆனால் மேஜை மீதிருந்த கை இறுகியது. "சோதிச்சு முடிச்ச பிறகும் மறைச்சு வைக்கச் சொன்னேனா?"

கீழே சைக்கிள் கடையில் யாரோ ரிம்மைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அனுமதி இல்லாம ஊர்ல சொல்ல முடியாது மேடம். உங்களுக்கே தெரியும், நிறுவனத்தோட விதி."

"ஆங்கிலப் பத்திரிகையில போட அனுமதி கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எத்தனை நாள்ல கொடுத்தாங்க?"

"நாலு நாள்."

"ஊர்ல சொல்ல அனுமதி கேட்டப்போ?"

வேடியப்பன் டம்ளரைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார்.

"கேட்கலை" என்றார்.

"மறுத்தாங்களா, கேட்கலையா?"

"கேட்கவே இல்லை."

ஆசிரியர் பாட்டிலோடு வந்திருந்த ஒரு தாளை எடுத்து அவர் முன் தள்ளினார். நாலு கோடு நோட்டில் கிழித்த தாள். பென்சில் எழுத்து.

'அன்புள்ள தண்ணி மிஸ்ஸுக்கு, என் பெயர் கனிஷ்கா. நான்காம் வகுப்பு. ஈச்சங்கொட்டாய். எங்க அத்தை ஊர்க் கிணத்தைப் பார்த்துச் சொன்னது நீங்கதான்னு அத்தை சொன்னாங்க. பஸ் கண்டக்டர் அண்ணன்கிட்ட ரெண்டு பாட்டில் கொடுத்திருக்கேன். பள்ளிக்கூட பம்பு தண்ணி இனிக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். ரேஷன் கடைக் கிணத்துத் தண்ணி கரிக்கும், பருப்பு வேகாது. என் தம்பிக்கு ஒன்றரை வயசு. அவனுக்குப் பல்லு வெள்ளையா வருது. எனக்கும் முதல்ல வெள்ளையாத்தான் இருந்துச்சாம். அது விழுந்து முளைச்சதுதான் இப்படி. தம்பிக்கு எந்தத் தண்ணி கொடுக்கட்டும்?'

வேடியப்பன் அதை இரண்டு முறை படித்தார்.

"எப்ப வந்தது மேடம்?"

"நேத்து. நீங்க ஏசி ஹால்ல பேசிட்டு இருந்தப்போ."

"சோதிச்சீங்களா?"

"காலையிலேயே. உங்க கட்டுரையில இருக்கற அளவோட ஒத்துப்போகுது."

"அப்ப நீங்களே எழுதிடலாமே."

பூங்காவனம் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நான் இன்னைக்குக் கண்டுபிடிச்சேன். நீங்க ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சீங்க. யார் பதில் சொல்லணும்?"

பிறகு குழாயை எடுத்துக் கழுவத் தொடங்கிவிட்டார்.

வேடியப்பன் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்காமலே படியிறங்கினார்.

*

நிறுவனத்தில் எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் தம் அலமாரியைத் திறந்தார். குறிப்பு நோட்டு, நாலு கோப்புகளுக்கு அடியில் இருந்தது.

பக்கத்தைப் புரட்டினார். அவருடைய கையெழுத்துதான்.

'எஸ்-14. பள்ளி வளாகம், அடிபம்பு. லிட்டருக்கு 3.2 மில்லிகிராம்.'

'எஸ்-15. நியாயவிலைக் கடை அருகில், திறந்த கிணறு. 0.8.'

ஒன்றரைக்கு மேல் போனால் குடிக்க ஆகாது.

அந்த வரிகளுக்குப் பக்கத்தில் 'இதர குறிப்பு' என்று ஒரு கட்டம். அதையும் அவரே நிரப்பியிருந்தார்.

'குழந்தைகள் ஜீப்பைச் சுற்றி வந்து சிரித்தனர். அனைவரும் கையால் வாயை மூடிக்கொண்டே சிரிக்கின்றனர். இவ்வூர் மக்கள் கூச்ச சுபாவம் உடையோர்.'

வேடியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வரியின் மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

ஊரில் சொல்ல அனுமதி கேட்டு இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

*

மறுநாள் காலை முதல் பேருந்தில் ஈச்சங்கொட்டாய்க்குப் போனார். அதே பேருந்தில், மூன்று இருக்கை பின்னால், ஆசிரியரும் இருந்தார்.

பள்ளியில் காலை வணக்கக் கூட்டம். தலைமையாசிரியர் நல்ல மனிதர். விஞ்ஞானி வந்திருக்கிறார் என்றதும் நாற்காலி போடச் சொன்னார்.

வேடியப்பன் எழுந்து பேசினார்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, உங்கள் பள்ளி வளாகத்தில் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடின் செறிவு லிட்டருக்கு மூன்று புள்ளி இரண்டு மில்லிகிராம் என்று எங்கள் ஆய்வு தெரிவிக்கிறது. இது அனுமதிக்கப்பட்ட வரம்பைவிட இரு மடங்குக்கும் அதிகம் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்."

"எல்லாரும் கைதட்டுங்க" என்றார் தலைமையாசிரியர்.

எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஐயா பேசினது ரொம்ப உபயோகமா இருந்துச்சு. வருஷா வருஷம் வரணும்" என்றார் தலைமையாசிரியர்.

மணி அடித்தது.

குழந்தைகள் கலைந்து ஓடினார்கள். நேராக அடிபம்புக்கு. ஒருவன் அடிக்க, ஒருத்தி குனிந்து குடித்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

வேடியப்பன் ஆசிரியரிடம் வந்தார்.

"பார்த்தீங்களா? தமிழ்லதானே சொன்னேன்? நேராதானே வந்து சொன்னேன்? கைதட்டிட்டுப் போய்க் குடிக்கறாங்க! இதுக்கு மேல நான் என்ன பண்ண?"

"யாருக்குச் சொன்னீங்க?"

"எல்லாருக்கும்."

"உங்ககிட்டக் கேட்டது எத்தனை பேர்?"

வேடியப்பன் சட்டைப் பையைத் தொட்டார். பென்சில் எழுத்துத் தாள் அங்கேதான் இருந்தது.

நான்காம் வகுப்பு, வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம். வாசலில் போய் நின்று பெயரைச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்தாள். தோளில் தண்ணீர் பாட்டில் தொங்கியது. காலையிலேயே பம்பில் நிரப்பியிருந்தாள்.

"நீதான் கனிஷ்காவா?"

"ஆமா சார்."

அவர் மண்ணில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

மனத்தில் இருந்த எல்லாச் சொல்லும் நீளமாக இருந்தது.

"ஒரு விடுகதை போடட்டுமா?"

"போடுங்க சார்."

"கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பல்லுக்கு மட்டும் தெரியும். என்ன?"

கனிஷ்கா யோசிக்கக்கூட இல்லை.

"எங்க பம்புத் தண்ணிதானே சார்?"

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போனது.

வேடியப்பன் அந்தக் கையையே பார்த்தார்.

"எங்க ஊர் வாகு அப்படி, வம்சப் பல்லுன்னு அம்மா சொல்லும்" என்றாள் அவள், கைக்குப் பின்னாலிருந்து. "ஆனா எங்க அத்தை கட்டிக்கிட்டுப் போன ஊர்ல அத்தை பசங்களுக்கெல்லாம் வெள்ளையா இருக்கு சார். அவங்களும் எங்க வம்சம்தானே? அப்புறம்தான் தண்ணியா இருக்குமோன்னு நினைச்சேன்."

இதைக் கண்டுபிடிக்க அவருடைய நிறுவனத்துக்கு இரண்டு வருடமும் ஒரு ஜீப்பும் தேவைப்பட்டிருந்தது.

"நீ நினைச்சது சரி" என்றார். "பம்புத் தண்ணி குடிக்கக் கூடாது, சமைக்கவும் கூடாது. கைகால் கழுவலாம், துணி துவைக்கலாம். குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் ரேஷன் கடைக் கிணறுதான்."

"அதுல பருப்பு வேகாதே சார்."

"ராத்திரியே ஊறப் போட்டா வேகும். கொஞ்சம் நேரமாகும்."

"தம்பிக்கு?"

"அவனுக்கு அடுத்து முளைக்கப் போற பல்லு இப்பவே ஈறுக்குள்ள தயாராகிட்டு இருக்கு. இன்னையிலிருந்து தண்ணியை மாத்தினா கறை ரொம்பக் குறையும்."

கனிஷ்கா தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

"என்னோடது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது.

"வந்த கறை போகாது. டாக்டர் மேலே வெள்ளையாப் பூசிவிடலாம். தானாப் போகாது."

அவள் தரையில் ஒரு கோடு கிழித்தாள். அதை அழித்தாள்.

"இதை நீங்க எப்ப சார் கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்ப எங்க தம்பி பிறக்கவே இல்லையே."

"ஆமா."

"அப்ப நான் ரெண்டாவது. எனக்கு இந்தப் பல்லு முளைக்கலை" என்று ஒரு பக்கக் கடைவாயைத் தொட்டுக் காட்டினாள். "ஏன் சார் அப்பவே சொல்லலை?"

வேடியப்பன் திரும்பி ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். உதவிக்கு வரவில்லை.

பேச்சைக் கேட்டுத் தலைமையாசிரியர் அங்கே வந்தார். "பம்பை மூடணும்னா எழுத்துல கொடுங்க சார். மேலே அனுப்பறேன். அதுக்குள்ள நீங்க பசங்ககிட்ட எதுவும் சொல்லாம இருந்தா நல்லது. பீதி கிளம்பிடும் பாருங்க."

"நானும் எங்க இயக்குநருக்குக் கடிதம் வச்சுட்டு வந்திருக்கேன்" என்றார் வேடியப்பன்.

"எல்லார்கிட்டயும் சொல்லிடலாமா சார்?" என்று கேட்டாள் கனிஷ்கா.

"சொல்லலாம். பதில் வந்ததும்..."

சொல்லும்போதே அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. நிறுத்திக்கொண்டார்.

"பதில் எத்தனை நாள்ல சார் வரும்?" என்றாள் கனிஷ்கா.

அடிபம்பின் சத்தம் மட்டும் கேட்டது. கிரீச், கிரீச்.

கனிஷ்கா எழுந்தாள். பாட்டிலைத் திறந்து வேப்ப மரத்தின் வேரில் கவிழ்த்தாள்.

பம்புக்குப் போனாள். ஒன்றாம் வகுப்பு வரிசைக்கு முன்னால் நின்றாள். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, பல்லைக் காட்டினாள்.